பழி ஓரிடம், பிழை ஓரிடம்

சேலத்தில் புறப்பட்டு கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சி நகரின் இடப்பள்ளியில் வந்து முடிகிறது. பன்வேலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 66ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒரு பக்கம் 2013இல் திறந்த லுலு மால், தலைக்கு மேல் மெட்ரோ ரயில், நடுவே மேம்பாலம். மாலை நேரத்தில் இந்தச் சந்திப்பில் மாட்டிக்கொண்டவர்கள் தங்களுக்கு நேர் முன்னால் நிற்கும் பஸ்ஸின் டிரைவரைத்தான் திட்டுவார்கள். அவருக்கு முன்னால் இன்னும் நாற்பது வண்டிகள் நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

2020 மே 27 இரவு கேரளம் முழுவதும் அப்படியொரு நெரிசல். சாலையில் அல்ல, செல்போனில். திட்டு வாங்கியது ஒரு செயலி. பெயர் பெவ்கியூ.

கொரோனா ஊரடங்கால் மார்ச் கடைசியிலிருந்து மூடிக் கிடந்த மதுக்கடைகள் மறுநாள் காலை 9 மணிக்குத் திறக்க இருந்தன. அரசின் பயமெல்லாம் கூட்டத்தைப் பற்றித்தான். மே முதல் வாரத்தில் மற்ற மாநிலங்களில் கடை திறந்தபோது நடந்ததை நாடே டி.வி.யில் பார்த்திருந்தது. தமிழ்நாட்டில் மே 7இல் திறந்த டாஸ்மாக் கடைகளை மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கி மே 16இல் மறுபடி திறந்தார்கள். அப்போது தமிழ்நாடு கையாண்டது பழைய வழி: காகித டோக்கன், நாளுக்கொரு நிறம், கடைக்கு நாளொன்றுக்கு 500 பேர். கேரளம் வேறு வழியில் யோசித்தது. வரிசையையே செல்போனுக்குள் வைத்துவிட்டால் என்ன?

அதற்கான செயலியைச் செய்யும் வேலை, மாநில ஸ்டார்ட்அப் மிஷன் நடத்திய தேர்வின் மூலம் கொச்சியைச் சேர்ந்த ஃபேர்கோட் டெக்னாலஜீஸ் என்ற சிறிய நிறுவனத்துக்குப் போனது. திட்டம் கேட்பதற்கு எளிது. பெயர், செல்போன் எண், பின்கோடு மூன்றையும் கொடுக்க வேண்டும். போனுக்கு ஓ.டி.பி. வரும். அதை அடித்தால் எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று டோக்கன் வரும், கியூ.ஆர். கட்டத்துடன். கடைக்காரர் அதை ஸ்கேன் செய்து பாட்டிலைக் கொடுப்பார். ஒருமுறை டோக்கன் எடுத்தவர் அடுத்த நாலு நாள் காத்திருக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு எஸ்.எம்.எஸ். வழி. பெவ்கோ, கன்ஸ்யூமர்ஃபெட் இரண்டுக்கும் சேர்த்து 301 கடைகள். அவற்றோடு பார்களும் பீர், ஒயின் பார்லர்களும் சேர்ந்துகொண்டன.

பிளே ஸ்டோரில் செயலி வந்த சில மணி நேரத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் அதை இறக்கிக்கொண்டார்கள். பின்னாலேயே புகார்கள். ஓ.டி.பி. வரவில்லை. வந்தாலும் நேரம் கடந்து வருகிறது. டோக்கன் கிடைத்தவருக்குக் கடை பல கிலோமீட்டர் தள்ளி. மறுநாள் கடை திறந்ததும் இன்னொரு புகார், இந்த முறை கவுன்ட்டருக்கு உள்ளே இருந்து: டோக்கனைச் சரிபார்க்கும் வசதி பல பார்களில் வேலை செய்யவில்லை. கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு விற்றார்கள். இதற்கிடையில் அதே பெயரில் போலிச் செயலி ஒன்று பிளே ஸ்டோரில் தலைகாட்ட, விஷயம் போலீஸுக்குப் போனது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததில் முறைகேடு என்றது எதிர்க்கட்சியான காங்கிரஸ். அரசு மறுத்தது. சமூக வலைதளங்களில் அந்தச் சிறு நிறுவனத்துக்குக் கிடைத்த அர்ச்சனையைச் சொல்லி மாளாது.

இத்தனைக்கும் மக்கள் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "ஆப் வேலை செய்யவில்லை." டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது போன்ற வாக்கியம் அது. அதைக் கேட்டவுடன் ஊசியை எடுக்கும் டாக்டரும், புரோகிராமைத் திறந்து கண்ட வரிகளை மாற்றத் தொடங்கும் புரோகிராமரும் ஒரே ரகம். அன்று கேரளத்தில் இருந்தது ஒரு பிழை அல்ல. வெவ்வேறு இடங்களில் இருந்த வெவ்வேறு பிழைகள், பயன்படுத்தியவரின் திரையில் ஒரே முகத்தோடு தெரிந்தன. செல்போன் செயலி எழுதக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு மாணவரும் பார்க்க வேண்டிய பாடம் அது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இன்றைக்கும் எந்தச் செயலியிலும் கோளாறைத் தேடும் வழி கிடைக்கும்.

முதலில் ஓ.டி.பி. போனில் பொத்தானை அழுத்தியதும் கோரிக்கை செயலியின் சர்வருக்குப் போகிறது. சர்வர் ஆறு இலக்க எண்ணையோ நாலு இலக்க எண்ணையோ உருவாக்கி, எஸ்.எம்.எஸ். அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு நிறுவனத்திடம் கொடுக்கிறது. அது தொலைபேசி நிறுவனத்திடம். அங்கிருந்து டவர். டவரிலிருந்து போன். ஐந்து கை மாறுகிற இந்தப் பயணத்தில் செயலி எழுதியவரின் கையில் இருப்பவை முதல் இரண்டு மட்டுமே. பெவ்கியூவில் அடைத்துக்கொண்டது மூன்றாவது கை. ஓ.டி.பி. அனுப்பும் சேவை நெரிசலைத் தாங்கவில்லை, கூடுதல் சேவையாளர்களைச் சேர்க்கிறோம் என்று நிறுவனம் சொன்னது. இடப்பள்ளி பஸ் டிரைவர் கதைதான்.

ஆனால் இதைச் சொல்லி செயலி எழுதுபவர் கை கழுவிவிட முடியாது. ஓ.டி.பி. வராதவர் என்ன செய்வார்? 'மறுபடி அனுப்பு' என்பதை அழுத்துவார். வரவில்லை என்றால் இன்னும் இரண்டு தடவை. ஒரு லட்சம் பேர் நாலு தடவை அழுத்தினால் நாலு லட்சம் எஸ்.எம்.எஸ். ஏற்கெனவே திணறுகிற வாசலில் கூட்டத்தை நாலு மடங்காக்கி அனுப்பி வைப்பது செயலியே. இன்னொரு கொடுமையும் நேரும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சர்வர் புது எண்ணை உருவாக்கி, பழையதைச் செல்லாததாக்கும்படி எழுதியிருந்தால், தாமதமாக வந்து சேரும் முதல் எண்ணை ஆவலோடு அடிப்பவருக்கு 'தவறான ஓ.டி.பி.' என்ற பதில் கிடைக்கும். அவர் மறுபடி அழுத்துவார். இப்படியே போகும். எண் செல்லுபடியாகும் சில நிமிடங்களுக்குள் எத்தனை தடவை கேட்டாலும் அதே எண்ணை அனுப்புவது, இரண்டு கோரிக்கைகளுக்கு இடையிலான காத்திருப்பை 30 விநாடி, 60 விநாடி என்று கூட்டிக்கொண்டே போவது, அந்தக் கட்டுப்பாட்டை பொத்தானில் மட்டும் வைக்காமல் சர்வரிலும் வைப்பது: இந்த மூன்றையும் செய்தால் பாதி நெரிசல் தீர்ந்துவிடும். பல செயலிகளில் அந்தப் பொத்தான் கொஞ்ச நேரம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். பயன்படுத்துபவருக்கு எரிச்சல்தான். வேறு வழியில்லை.

ஓ.டி.பி.யின் கழுத்து எவ்வளவு குறுகலானது என்பதை 2021 இரண்டு தடவை காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 8இல், மோசடி எஸ்.எம்.எஸ்.களைத் தடுக்க தொலைபேசி நிறுவனங்கள் ஒவ்வொரு செய்தியின் வாசகத்தையும் பதிவு செய்யப்பட்ட மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கின. மாதிரியைப் பதிவு செய்யாத நிறுவனங்களின் ஓ.டி.பி.கள் நாடு முழுவதும் காணாமல் போயின. டிராய் தலையிட்டு அந்த ஏற்பாட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது. அந்த ஒரு நாளில் எத்தனை புரோகிராமர்கள் பிழையே இல்லாத தங்கள் வரிகளைத் திருத்தி, பிழையாக்கி வைத்தார்களோ! அடுத்து ஏப்ரல் 28. பதினெட்டு வயதைத் தாண்டிய அனைவருக்கும் தடுப்பூசிப் பதிவு மாலை 4 மணிக்குத் திறந்ததும் கோவின் தளம் திணறியது. அங்கேயும் முதல் புகார் ஓ.டி.பி. வரவில்லை என்பதே.

சரி, எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் போனுக்குள் இரண்டு பள்ளங்கள் உண்டு. விலை குறைந்த போனில் நினைவகம் கொஞ்சம். எண்ணைப் பார்ப்பதற்காக செயலியை விட்டு எஸ்.எம்.எஸ். பக்கம் போனதும், பின்னணியில் கிடக்கும் செயலியை ஆண்ட்ராய்டு கொன்றுவிடக்கூடும். திரும்பி வந்தால் பெயர், எண், பின்கோடு எல்லாம் வெறுமை. "நான் அடித்ததை அழித்துவிட்டது" என்பார் அவர். புரோகிராமரின் மேஜையில் இருக்கும் விலை உயர்ந்த போனில் இது நடக்கவே நடக்காது. போனின் டெவலப்பர் ஆப்ஷன்களில், திரையை விட்டு விலகியதும் அதைக் கலைத்துவிடச் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுச் சோதித்தால் இந்தப் பிழை ஐந்து நிமிடத்தில் அகப்படும். போனைப் படுக்கைவாட்டில் திருப்பியதும் படிவம் காலியாவதும் இதன் தம்பிதான். திரை திரும்பும்போது ஆண்ட்ராய்டு பழைய திரையை அழித்துப் புதிதாகக் கட்டுகிறது. அடித்ததைச் சேமித்து வைக்க வேண்டியது புரோகிராமரின் பொறுப்பு.

இரண்டாவது பள்ளம் இன்னும் விஷமமானது. எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள எண்ணைச் செயலி தானாகவே படித்துக்கொள்ள கூகுள் ஒரு வசதி தந்திருக்கிறது. அதற்கு, செய்தியின் ஓரத்தில் 11 எழுத்துக்கள் கொண்ட ஓர் அடையாளம் இருக்க வேண்டும். அந்த அடையாளம் செயலியில் இடப்படும் டிஜிட்டல் கையெழுத்திலிருந்து பிறக்கிறது. ஆபீஸில் சோதிக்கும்போது இடுவது ஒரு கையெழுத்து, பிளே ஸ்டோரில் வெளிவரும்போது இருப்பது வேறொன்று. ஆக, ஆபீஸில் கச்சிதமாக வேலை செய்தது, ஊருக்குப் போனதும் ஊமையாகிவிடும். புரோகிராமர் ஒரு வரியைக் கூட மாற்றவில்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மையே.

அடுத்தது பின்கோடு. இடப்பள்ளிக்கு 682024. மட்டாஞ்சேரிக்கு 682002. முதல் மூன்று இலக்கமும் ஒன்றே என்பதால் இரண்டும் பக்கத்தில் இருக்கும் என்று கம்ப்யூட்டர் நினைத்தால் அதன் மேல் தப்பில்லை. ஆனால் லட்சத்தீவின் கவரத்திக்கும் பின்கோடு 682555. அதே 682. நடுவே சுமார் 400 கிலோமீட்டர் கடல். பின்கோடு என்பது தபால் மூட்டைகளைப் பிரிப்பதற்காக 1972இல் வந்த எண்; தூரத்தை அளக்கும் கோல் அல்ல. அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த ஊர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது.

சரி, எண்ணை விட்டுவிட்டு வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தை அளந்தால்? கொச்சி அதற்கும் வைத்திருக்கிறது ஆப்பு. எர்ணாகுளம் படகுத்துறையில் நின்றால் மட்டாஞ்சேரி தண்ணீருக்கு அந்தப் பக்கம், வெலிங்டன் தீவுக்குப் பின்னால். பறவைக்குப் பக்கம். வண்டியில் போகிறவர் தோப்பும்படி சுற்றிக்கொண்டு போக வேண்டும். காயலும் தீவுமாகக் கிடக்கும் ஊரில் நேர்கோடு என்பது பொய். பெவ்கியூ கடைகளை எந்தக் கணக்கில் பிரித்தது என்பது அதை எழுதியவர்களுக்கே வெளிச்சம். ஆனால் ஊரைத் தெரியாத கணக்கு எதுவாக இருந்தாலும் கேரளத்தில் தடுக்கி விழும். இங்கே பிழை புரோகிராம் வரியில் இல்லை. வரி எழுதுவதற்கு முன்னால் செய்த அனுமானத்தில் இருக்கிறது. எந்த எர்ரர் செய்தியும் இதைச் சொல்லாது. செயலி நிற்காது, சிவப்பு எழுத்து வராது. அது அமைதியாகத் தப்பான கடைக்கு ஆளை அனுப்பி வைக்கும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்க, டோக்கனோடு வெயிலில் நடந்தவர் வந்து சத்தம் போட வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாமே என்பவர்களுக்கு இடப்பள்ளியே பதில். ஆங்கிலத்தில் இதை 'இ'யில் தொடங்கியும் எழுதுவார்கள், 'எ'யில் தொடங்கியும் எழுதுவார்கள்; நடுவே ஒரு எழுத்தை இரட்டித்தும் இரட்டிக்காமலும் எழுதுவார்கள். இங்குள்ள ரயில் நிலையத்தின் சுருக்கக் குறியீடு ஐ.பி.எல். என்றிருப்பது அந்தப் பழைய 'இ'யின் மிச்சம். கிரிக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்திய மொழியில் எழுதினால் சிக்கல் தீருமா? வேறொரு சிக்கல் தொடங்கும். இடப்பள்ளி என்ற சொல்லில் தமிழ் இலக்கணப்படி எழுத்து ஆறு. யூனிகோட் கணக்கில் ஒன்பது. ஏனெனில் புள்ளியும் கொக்கியும் அதற்குத் தனித்தனி. சர்வரில் சேமிக்கும்போது வழக்கமான முறையில் அது 27 பைட் ஆகிறது. பெயருக்கு எட்டு இடம் போதும் என்று ஒரு புரோகிராமர் முடிவு செய்தால் ஊர் 'இடப்பள்ள' என்று நிற்கும். கொச்சியின் 'கொ' இன்னும் மோசம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அதை எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. தேடினால் 'கொச்சி என்ற ஊர் இல்லை' என்று பதில் வரும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்துக்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோட் நார்மலைசேஷன் என்ற ஒற்றை வரி இதற்கு மருந்து. எஸ்.எம்.எஸ்.ஸிலும் ஒரு கணக்கு உண்டு: ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு எஸ்.எம்.எஸ்., தமிழிலோ மலையாளத்திலோ எழுதினால் 70 குறிகளில் நிறைந்துவிடும். நீளமான ஓ.டி.பி. வாசகம் இரண்டு எஸ்.எம்.எஸ். ஆகி, செலவையும் நெரிசலையும் இரட்டிப்பாக்கும்.

இதெல்லாம் சின்ன நிறுவனங்களின் தடுமாற்றம் என்று யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்து விழுந்ததும் உலகம் முழுக்க ஐபோன்களில் செய்திச் செயலிகள் விழுந்து நொறுங்கின. ஆப்பிள் அவசரமாக 11.2.6 பதிப்பை வெளியிட்டுத் தப்பித்தது.

இடப்பள்ளியில் மெட்ரோ ஏறினால் ஆலுவா திசையில் சில நிறுத்தங்களில் களமசேரி. 2012இல் ஸ்டார்ட்அப் வில்லேஜ் தொடங்கிய இடம். 2019 ஜனவரியில் ஸ்டார்ட்அப்களுக்கான ஒருங்கிணைந்த வளாகமும் அங்கே திறக்கப்பட்டது. கிழக்கே காக்கநாட்டில் இன்ஃபோபார்க். கல்லூரி முடித்த கையோடு இங்கெல்லாம் வேலைக்குச் சேரும் ஒரு இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். லட்சம் பேர் கூட்டம் அவருக்கு வெகு தூரம். அவருடைய முதல் மாதக் கண்ணீர் வேறு.

அவர் லேப்டாப்பிலேயே சர்வரை ஓட்டி, அதன் முகவரியை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று செயலியில் எழுதுவார். லேப்டாப்பில் திறந்தால் வருகிறது, போனில் திறந்தால் வரவில்லை. வராது. அந்தச் சொல்லுக்கு 'இந்த இயந்திரமே' என்று பொருள். போனுக்குள் போனதும் போன் தன்னையே தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும். லேப்டாப்பின் வைஃபை முகவரியைக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் என்றால் 10.0.2.2. அதைத் தாண்டினால் அடுத்த சுவர்: பாதுகாப்பற்ற பழைய எச்.டி.டி.பி. முகவரிகளை ஆண்ட்ராய்டு 9, அதாவது 2018 முதல், கேட்காமலே தடுக்கிறது. அண்ணன் வைத்திருக்கும் பழைய போனில் ஓடுகிற செயலி தம்பியின் புதுப் போனில் மௌனம் சாதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடம், கேமரா போன்றவற்றுக்கான அனுமதியை 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் ஓடும்போதுதான் கேட்க வேண்டும். பயன்படுத்துபவர் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடும் என்பதையே பலர் யோசிப்பதில்லை. சர்வர் பதிலுக்காகச் செயலியின் முதன்மை இழையை நிறுத்தி வைத்தால், தொட்டதற்கு ஐந்து விநாடி பதிலில்லை என்றதும் 'செயலி பதிலளிக்கவில்லை' என்று ஆண்ட்ராய்டே போட்டுக் கொடுத்துவிடும்.

மிகப் பழைய வியாதி, இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துத் தொடுவது. 'நல் பாயின்டர் எக்செப்ஷன்' என்று சிவப்பில் வரும். 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக 'நல்' என்ற கருத்தை நுழைத்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். 2017இல் கூகுள் ஆதரிக்கத் தொடங்கிய காட்லின் மொழி, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்பதை முன்கூட்டியே எழுதச் சொல்லி இந்த வியாதியைக் குறைத்திருக்கிறது. ஒழித்துவிடவில்லை.

இவற்றுக்கெல்லாம் இளைஞர்கள் செய்யும் முதல் வைத்தியம், எர்ரர் செய்தியை நகலெடுத்துத் தேடி, கிடைத்த விடையை ஒட்டிப் பார்ப்பது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதும் அதே ரகம். சில நேரம் பலிக்கும். பலிக்காதபோது முன்னால் இருந்த பிழையோடு ஒட்டியதன் பிழையும் சேர்ந்துகொள்ளும். பழகிய கைகள் முதலில் வரிகளைத் தொடுவதில்லை. லாக்கேட் என்ற பதிவேட்டைத் திறந்து, நீண்ட சிவப்புப் பட்டியலில் 'காரணம்' என்று கடைசியாக வரும் பகுதியையும், அதில் தங்கள் கோப்பின் பெயர் முதலில் வரும் வரியையும் தேடுகிறார்கள். பிழையை விரும்பியபோது வரவழைக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். வரவழைக்க முடியாத பிழையைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்வது வெறும் நம்பிக்கை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்கிறார்கள். அதே கோரிக்கையைச் செயலி இல்லாமல் லேப்டாப்பிலிருந்து நேராகச் சர்வருக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். பதில் வந்தால் குற்றம் போன் பக்கம், வராவிட்டால் சர்வர் பக்கம். பெவ்கியூ போன்ற சிக்கலில் தேடும் பரப்பை இந்த ஒரு சோதனை பாதியாக்கிவிடும்.

கடைக்காரர்களின் புகாருக்கு வருவோம். வாங்குபவரின் கையில் ஒரு செயலி, விற்பவரின் கையில் இன்னொன்று. முதலாவதைப் பற்றி நாடே பேசியது. இரண்டாவதைப் பற்றி விற்பனை நாள் காலைவரை யாரும் பேசவில்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் வழக்கமாகப் பலியாவது இந்த இரண்டாவது ஆள்தான். ஸ்கேன் செய்ய முடியாத டோக்கன் வெறும் படம். ஒரே படத்தை நண்பர் நாலு பேருக்கு அனுப்பி வைத்தால் கவுன்ட்டரில் இருப்பவர் என்ன கண்டார்? நாலு நாள் இடைவெளி என்ற விதியும் அப்படித்தான். அந்தக் கணக்கை போனின் கடிகாரத்தை நம்பிச் செய்தால், கடிகாரத்தை நாலு நாள் தள்ளி வைக்கத் தெரிந்தவருக்கு நித்தம் தீபாவளி. விதி எதுவானாலும் அது வாழ வேண்டிய இடம் சர்வர்.

பெவ்கியூ குழுவினருக்கு எதிராக இருந்தது திறமைக் குறைவை விடப் பெரிய ஒன்று: காலண்டர். அவர்களுக்குக் கிடைத்தவை சில நாட்கள். இரண்டு மாதம் மூடிக் கிடந்த கடை, ஒரே நாள், ஒரே நேரம், மாநிலம் முழுவதும். புதிய செயலியை முதலில் நூற்றில் ஐந்து பேருக்கு, பிறகு இருபது பேருக்கு என்று படிப்படியாக விடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. கேரளத்தில் 14 மாவட்டங்கள் இருக்கின்றன. முதல் நாள் ஒன்றிலோ இரண்டிலோ திறந்திருந்தால் ஓ.டி.பி.யின் குறுகிய கழுத்து அன்றைக்கே தெரிந்திருக்கும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் சும்மா இருந்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் புரோகிராமர்கள் அல்ல, அமைச்சர்கள்.

மே 29இல் கலால் துறை அமைச்சர் டி.பி. ராமகிருஷ்ணன் தலைமையில் பேசி, செயலியைக் கைவிடுவதில்லை, கோளாறுகளைத் திருத்தித் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். திருத்தினார்கள். ஓ.டி.பி. வரத் தொடங்கியது. கேலி ஓய்ந்தது; வேலை செய்யத் தொடங்கிய செயலியைப் பற்றி யார் பேசுவார்கள்? ஏழு மாதங்களுக்கு மேல் ஓடிய பெவ்கியூவை 2021 ஜனவரியில் அரசே விலக்கிக்கொண்டது. டோக்கன் வேண்டாம் என்றானதும், வரிசை போனைவிட்டு மறுபடி கடை வாசலுக்கு வந்தது.